ரோயிங் மெஷின் மானிட்டரில் இன்டர்வல் போடுறது எப்படி: ஓய்வில் இருந்து தொடங்குங்க

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மாடியில சின்னதா ஒரு ஜிம் நடத்துறேன். டிரெட்மில்லுக்கு எப்பவும் ஆள் காத்து நிக்கும். மூலையில கிடக்குற ரோயிங் மெஷின்ல (உக்காந்து துடுப்புப் போடுற மாதிரி பிடியை இழுக்குற மெஷின்) ஏறுறவங்க பத்து நிமிஷத்துல இறங்கிடுவாங்க. கேட்டா, "போரடிக்கு அண்ணே" என்பாங்க. சும்மா இழுத்தா போரடிக்கத்தான் செய்யும். அதே மெஷின்ல மானிட்டருக்குள்ள இன்டர்வல், அதாவது இழுப்பும் ஓய்வும் மாறி மாறி வர்ற பயிற்சி, போடத் தெரிஞ்சவங்க அரை மணி நேரத்துக்கு எழும்ப மாட்டாங்க. பக்கத்துல நிக்குறவன்கிட்ட ஊர்க்கதை பேசவும் மாட்டாங்க, பேச மூச்சு இருக்காது.

நான் சொல்லப்போறது கான்செப்ட்2 மெஷின்ல வர்ற பிஎம்5 மானிட்டரை வச்சு. என்கிட்ட இருக்கறது டி மாடல், திருவனந்தபுரத்துல மூடின ஒரு ஜிம்ல இருந்து பழசா வாங்கினது. இப்போ அதையே ரோஎர்க்னு பேர் மாத்தி விக்கிறாங்க. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துக் கம்பெனி, அண்ணன் தம்பி ரெண்டு பேர் தொடங்கினது. 1981ல வந்த அவங்க முதல் மெஷின் சைக்கிள் சக்கரத்தை வச்சுச் செஞ்சது. உலகம் பூரா துடுப்புப் போட்டிக்காரங்க கரையில பயிற்சி எடுக்குறதும், 2000 மீட்டர் இன்டோர் போட்டி நடத்துறதும் பெரும்பாலும் இந்தக் கம்பெனி மெஷின்லதான். எங்க ஊருக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு உண்டு: கரண்ட் போனாலும் இது நிக்காது. மானிட்டருக்கு ரெண்டு குண்டு பேட்டரி போதும், பெட்டிக்கடையில டார்ச்சுக்கு வாங்குவோமே அதே டி சைஸ். இழுக்கும்போது சக்கரம் சுத்துறதுல இருந்தும் மானிட்டர் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கும், அதனால பேட்டரி சீக்கிரம் தீராது. ஆடி மாசக் காத்துல லைன் போய் டிரெட்மில் அத்தனையும் செத்துக் கிடக்கும்போது இது ஒண்ணுதான் ஓடும்.

ஓய்வை முதல்ல முடிவு பண்ணுங்க

இன்டர்வல் போட உக்காருறவங்க எல்லாரும் எவ்வளவு தூரம் இழுக்கணும்னு ரொம்ப யோசிப்பாங்க. ஓய்வு கேக்குற கட்டம் வந்ததும் ஏதோ ஒரு எண்ணைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அது தலைகீழாத் தெரியுது. ஒரு பயிற்சி உங்க உடம்புல எதை வளர்க்கும்னு தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு ஓய்வுக்கு. தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சாப் பெரிசா ஒண்ணும் கெடாது. ஓய்வை மாத்தினா பயிற்சியே வேற ஆயிடும்.

காரணம் தசைக்குள்ள இருக்கு. வேகமா இழுக்கும்போது முதல் சில நொடிக்குத் தேவையான சக்தி, தசையில ஏற்கெனவே சேர்ந்து கிடக்குற கிரியேட்டின் பாஸ்பேட்ல இருந்து வருது. அது தீர்ந்தபிறகு திரும்ப நிரம்ப நேரம் வேணும். ஏறக்குறைய அரை நிமிஷத்துல பாதி நிரம்பும். மிச்சம் நிரம்ப மூணு நிமிஷமாவது ஆகும், சில சமயம் அஞ்சு. அப்போ 500 மீட்டர் இழுத்துட்டு ஒரு நிமிஷம் மட்டும் உக்காந்தா, அடுத்த 500க்கு அரைகுறைத் தசையோட போறோம். பாரம் முழுக்க இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும், வேகம் தானா இறங்கும். மூணரை நிமிஷம் உக்காந்தா அடுத்த 500ஐ ஏறக்குறைய அதே வேகத்துல இழுக்கலாம். அது வேகத்துக்கான பயிற்சி. ரெண்டும் நல்லதுதான். எதைப் பண்றோம்னு தெரிஞ்சு பண்ணணும், அவ்வளவுதான்.

கடியபட்டணத்துப் பையன் ஒருத்தன் வருவான். அப்பாகூட கரைமடி (கரையில நின்னு கயிறு பிடிச்சு இழுக்குற மீன்வலை) இழுத்து வளந்தவன், கையும் தோளும் பாத்தா பயமா இருக்கும். வந்த புதுசுல 500 மீட்டர், ஒரு நிமிஷ ஓய்வுன்னு அவனே போட்டுக்கிட்டான். முதல் 500ஐ 1:50ல முடிச்சான். அடுத்தது 2:05. அதுக்கடுத்தது 2:20ஐத் தாண்டிடுச்சு. "மெஷின் கேடு அண்ணே" என்றான். மெஷின்ல கேடு ஒண்ணும் இல்ல. ஓய்வை மட்டும் மூணரை நிமிஷமாக்கி, "முதல் ஒண்ணை 2 நிமிஷத்துக்குக் கீழ இழுக்காத லே, பைய போ" என்று சொன்னேன். எட்டு 500லயும் மொத்த வித்தியாசம் ரெண்டு நொடிக்குள்ள வந்துச்சு. (கரைமடி இழுத்த கைக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. அங்க கயித்தைக் கையால மாறி மாறி இழுத்துப் பின்னால சாய்வாங்க. இங்க முதல்ல கால் தள்ளணும், அப்புறம் முதுகு, கடைசியில கை. திரும்பிப் போகும்போது கை, முதுகு, கால். அந்த வரிசை உடம்புல ஏறுறவரை இன்டர்வல் போடாதீங்க. வேகத்துல தப்பா இழுத்தா இடுப்புதான் கணக்குத் தீர்க்கும்.)

நான் வச்சிருக்கற கணக்கு இது. மூச்சு வளர்க்கணும்னா ஓய்வு இழுக்குற நேரத்துக்குச் சமம், இல்ல அதுக்கும் குறைவு. வேகம் வளர்க்கணும்னா இழுப்பைவிட ஒண்ணரை மடங்காவது ஓய்வு. ஒரு நிமிஷத்துக்குக் குறைவான வெறித்தனமான இழுப்புன்னா மூணு மடங்கு. இதை ஒரு காகிதத்துல எழுதிட்டு அப்புறம் பட்டன்ல கை வையுங்க.

பட்டனுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

சக்கரக் கூண்டோட பக்கத்துல ஒரு நெம்பு இருக்கும், 1ல இருந்து 10 வரை. டேம்பர்னு சொல்வாங்க. புதுசா வர்ற எல்லா ஆம்பிளைங்களும் அதை 10ல கொண்டு வச்சிட்டுத்தான் உக்காருவாங்க. அது கியர் மாதிரி, பலத்தைக் காட்டுற இடம் கிடையாது. கூண்டுக்குள்ள எவ்வளவு காத்து போகணும்னு மட்டும் அது தீர்மானிக்குது. 10ல வச்சா ஒவ்வொரு இழுப்பும் கனமாகும், முதுகு சீக்கிரம் சோரும். 3ல இருந்து 5க்குள்ள வையுங்க. சரியான எண் வேணும்னா மெயின் மெனுவுல மோர் ஆப்ஷன்ஸ் போய், டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர் (காத்து சக்கரத்தை எவ்வளவு தடுக்குதுன்னு காட்டுற எண்) அமுக்கி, கொஞ்சம் இழுங்க. 110ல இருந்து 130க்குள்ள நிக்குற மாதிரி நெம்பை நகர்த்துங்க. கூண்டுக்குள்ள தூசி சேர்ந்தா காத்து அடைபட்டு இந்த எண் இறங்கும். எங்க ஜிம்ல ஜன்னல் திறந்து கிடக்குறதால அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கு.

ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவுல சக்கரம் எவ்வளவு சீக்கிரம் தளர்றதுன்னு மானிட்டர் தானே அளந்து கணக்குப் போடும். அதனால கடலோரப் புழுக்கக் காத்துல இழுத்தாலும், ஊட்டியில மெலிஞ்ச காத்துல இழுத்தாலும், உங்க வேகத்தை ஒரே அளவுகோல்லதான் காட்டும். ஊட்டியில நெம்பு அதே 4ல இருந்தா டிராக் எண் குறைவாத் தெரியும். திரையில வர்ற வேகத்துக்கு நெம்பைக் குத்தம் சொல்ல வழியே இல்ல.

ரெண்டாவது, திரையில நடுவுல பெருசா வர்ற எண். 2:20 என்று காட்டினா, இதே வேகத்துல போனா 500 மீட்டருக்கு 2 நிமிஷம் 20 நொடி ஆகும்னு அர்த்தம். சின்ன எண்தான் வேகம். யூனிட்ஸ் பட்டனை அமுக்கினா அதையே வாட்டாவோ கலோரியாவோ காட்டும். இன்டர்வலுக்கு 500 மீட்டர் கணக்கையே வச்சுக்குங்க. ஆனா ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும்: வேகம் ஏற ஏற சக்தி அதோட மும்மடியில ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்கு. 2:20ல இழுக்க ஏறக்குறைய 128 வாட் போதும். 2:10க்கு 159 வாட் வேணும். பத்து நொடிதானேன்னு நெனச்சு ஓடுவாங்க, ஆனா அது கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. முதல் இன்டர்வல்லயே ஜிம் குலுங்க இழுக்குறவங்க மூணாவதுல படுத்துடுறது இதனாலதான்.

கலோரி எண்ணை நம்பி மதியம் பிரியாணி போடாதீங்க. ஏறக்குறைய 79 கிலோ எடையுள்ள ஒரு ஆளை மனசுல வச்சு அந்த மானிட்டர் கணக்குப் போடுது. 50 கிலோ ஆளுக்கும் அதே எண்தான் காட்டும்.

பட்டன் வரிசை

மெனு பட்டனை அமுக்கினா மானிட்டர் எழும்பும். திரையில எழுத்து ஆங்கிலத்துல வரும், வலது பக்கம் ஒவ்வொரு வரிக்கும் நேரா ஒரு பட்டன். ஜஸ்ட் ரோ என்கிறதைத் தொடாதீங்க, அதுதான் போரடிக்குற வழி. செலக்ட் வொர்க்அவுட், அதுக்குள்ள நியூ வொர்க்அவுட். உள்ள போனா இடையில ஓய்வு இல்லாத ஒற்றைத் தூரம், ஒற்றை நேரம்னு சிலது இருக்கும், அதுக்கு அப்புறம் இன்டர்வல் வகைகள்: டைம், டிஸ்டன்ஸ், வேரியபிள். மென்பொருளைப் புதுப்பிச்சிருந்தா கலோரியும் வரும், வரிசை கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம்.

டைம்னா எல்லா இழுப்பும் ஒரே நேரம். டிஸ்டன்ஸ்னா எல்லாம் ஒரே தூரம். எதை எடுத்தாலும் ரெண்டு எண் கேட்கும், இழுப்பு ஒண்ணு, ஓய்வு ஒண்ணு. பிளஸ், மைனஸ் பட்டன் எண்ணை ஏத்தி இறக்கும். அம்புக்குறி பக்கத்து இலக்கத்துக்குத் தாவும். நிமிஷம் எது நொடி எதுன்னு நல்லாப் பாருங்க, 3:30 போடுறதுக்குப் பதிலா 0:33 போட்டுட்டு மூச்சு வாங்குனவங்களைப் பாத்திருக்கேன். ரெண்டும் சரியா இருந்தா சரி அடையாளம் போட்ட பட்டனை அமுக்குங்க. திரை தயாராகிக் காத்து நிக்கும். நீங்க இழுக்குற முதல் இழுப்புலதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், அவசரப்பட வேண்டாம். காலைக் கட்டி, தண்ணி பாட்டிலைக் கைக்கு எட்டுற இடத்துல வச்சுக்கிட்டு தொடங்குங்க.

இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. டைம், டிஸ்டன்ஸ் ரெண்டுலயும் எத்தனை இன்டர்வல்னு மானிட்டர் கேட்கவே கேட்காது. நீங்க நிறுத்துறவரை இழுப்பு, ஓய்வு, இழுப்பு, ஓய்வுன்னு போய்க்கிட்டே இருக்கும். எட்டு போதும்னா, எட்டாவது முடிஞ்சு ஓய்வு ஓடத் தொடங்கினதும் மெனு பட்டனை அமுக்கி முடிச்சிடணும். முடிச்சாச்சுன்னு அப்படியே துண்டை எடுத்துக்கிட்டு போனா, ஒன்பதாவது தானா ஓடத் தொடங்கும். ஆள் இல்லாம ஓடின அந்த நேரமும் உங்க சராசரியில ஏறி, எட்டையும் கெடுத்து வைக்கும்.

ஓய்வு முடியறதும் அப்படித்தான். நீங்க தயாரா இல்லையான்னு பார்க்காது, பூஜ்யம் வந்த கணம் அடுத்த இழுப்போட கடிகாரம் ஓடும். அதனால கடைசி பத்து நொடிக்குள்ள காலைக் கட்டி, பிடியை எடுத்து, லேசா ரெண்டு அரை இழுப்பு இழுத்துச் சக்கரத்தை எழுப்பிடுங்க. முதல் இன்டர்வல் மட்டும் நின்ன சக்கரத்துல இருந்து தொடங்குது, அது ஒரு நொடி மெதுவா வந்தா கவலைப்பட வேண்டாம்.

ஓய்வு நேரத்துல மெதுவா இழுத்துக்கிட்டே இருக்கலாம். அந்த மீட்டரை மானிட்டர் தனியா எழுதி வைக்கும், இழுப்புக் கணக்குல கலக்காது. மூணு நிமிஷத்துக்கு மேல ஓய்வுன்னா முதல் அரை நிமிஷம் சும்மா உக்காந்து மூச்சை எடுங்க, அப்புறம் பைய இழுங்க. ரத்தம் ஓடிக்கிட்டே இருந்தா கால் கனம் சீக்கிரம் குறையும். ஒரு நிமிஷ ஓய்வுன்னா ஒண்ணும் வேண்டாம், குனிஞ்சு உக்காந்தாலே போதும்.

வேரியபிள் என்கிறது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா அடிக்கிற வகை. இதுல ஒண்ணு நேரமாகவும் அடுத்தது தூரமாகவும் இருக்கலாம், ஓய்வும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் அடுத்ததைச் சேர்க்கச் சொல்லும், கடைசியில சரி அமுக்கணும். இங்க எண்ணிக்கை நீங்க அடிச்சதுதான், தானா முடியும். கடைசித் துண்டுக்கு ஓய்வைச் சைபர் ஆக்கிடுங்க, இல்லேன்னா இழுத்து முடிச்சபிறகும் அந்த ஓய்வு ஓடி முடியக் காத்திருக்கணும். ஓய்வுக்கு அளவே வைக்காம, நீங்க திரும்ப இழுக்குறவரை காத்திருக்குற மாதிரி ஒரு ஏற்பாடும் இதுல உண்டு. எங்க ஜிம்ல அதைப் போட விடமாட்டேன். அளவில்லாத ஓய்வு இருந்தா போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடவே முடியாது. அப்புறம் இன்டர்வல் எதுக்கு?

பட்டன்ல இவ்வளவு அடிக்கப் பொறுமை இல்லாதவங்க, எர்க்டேட்டான்னு கான்செப்ட்2 காரங்களோட ஆப் ஒண்ணு இலவசமா கிடைக்குது. போன்ல பயிற்சியை எழுதி ப்ளூடூத் வழியா மானிட்டருக்கு அனுப்பலாம். வேரியபிளுக்கு அது உபகாரம்.

வேற கம்பெனி மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு: சில மானிட்டர்ல 20/10, 10/20 என்று எழுதின பட்டன் இருக்கும், கூடவே கஸ்டம் என்று ஒண்ணு. அதுல இழுப்பு நொடி, ஓய்வு நொடி, எண்ணிக்கை போடலாம். அதுவும் இல்லேன்னா போன்ல ஒரு இன்டர்வல் டைமர் ஆப் இறக்கி மெஷின் மேல வச்சுக்குங்க. மேல சொன்ன ஓய்வுக் கணக்கு எதுலயும் மாறாது. அங்க காட்டுற மீட்டரை மட்டும் இன்னொரு கம்பெனி மெஷினோட மீட்டரோட ஒப்பிடாதீங்க.

நான் போடச் சொல்ற மூணு

புதுசா வர்றவங்களுக்கு டைம் வகை, ஒரு நிமிஷம் இழுப்பு, ஒரு நிமிஷம் ஓய்வு, ஆறு தடவை. போதும். மணவாளக்குறிச்சியில இருந்து வர்ற டீச்சர் அக்காவுக்கு முட்டுல வலி, நடக்கவே யோசிப்பாங்க. அவங்க 3:00 வேகத்துல இழுப்பாங்க, அது 60 வாட்தான். ஆனா ஆறு நிமிஷமும் ஒரே 3:00. நிமிஷத்துக்கு எத்தனை இழுப்புன்னு திரையோட மேல் மூலையில ஒரு எண் வரும். அது 24ஐத் தாண்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். "இந்தப் பையன்மார் மாதிரி எனக்கும் முப்பது வரணும் தம்பி" என்பாங்க. வரும் அக்கா, முட்டு சம்மதிக்கட்டும். முட்டை ரொம்ப மடக்க வேண்டாம்னு சொல்லி, இருக்கையை முழுக்க முன்னால வர விடாம நிறுத்தச் சொல்றேன். பெருசா வேகம் வேணும்னு அவசியமே இல்லாதவங்களுக்கு இதை மிஞ்சின பயிற்சி எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பழகினவங்களுக்கு டிஸ்டன்ஸ் வகை, 500 மீட்டர், ஓய்வு 3:30, எட்டு தடவை. இதை எப்படி இழுக்கணும்னு முடிவு பண்ண 2000 மீட்டர் நேரம் ஒண்ணு கையில இருக்கணும். 2000 மீட்டரை 9:20ல முடிச்சா அது 2:20 வேகம். அந்த ஆள் எட்டு 500ஐயும் 2:18ல தொடங்கலாம். நிமிஷத்துக்கு 26ல இருந்து 30 இழுப்பு. முதல் மூணு லேசா இருக்கும், "இவ்வளவுதானா" என்று தோணும். தோணட்டும். அஞ்சாவதுலதான் மெஷின் உங்களோட பேசத் தொடங்கும். ஆறும் ஏழும் வெப்ராளம். எட்டாவதுல மிச்சம் இருக்கறதை எல்லாம் போட்டு இழுங்க. போலீஸ் தேர்வுக்கு ஓடிக்கிட்டிருக்கற ஒரு பிள்ளைக்குக் கெண்டைக்கால் எலும்புல வலி வந்தப்போ, ஓட்டத்தை நிறுத்தி வச்சிருந்த நாள்ல இதைத்தான் கொடுத்தேன். காலை இடிக்காது, மூச்சு மட்டும் விடாது.

மூணாவது வேரியபிள், பிரமிடு. 250, 500, 750, 1000, 750, 500, 250. மொத்தம் 4000 மீட்டர். ஓய்வு, முடிச்ச ஒவ்வொரு 250 மீட்டருக்கும் ஒண்ணரை நிமிஷம். அதாவது 250க்குப் பிறகு 1:30, 500க்குப் பிறகு 3:00, 750க்கு 4:30, 1000க்கு 6:00, திரும்ப 4:30, 3:00, கடைசி 250க்குச் சைபர். ஏறும்போது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுங்க, இறங்கும்போது திருப்பி வாங்குங்க. இறங்குற 500, ஏறின 500ஐவிட ஒரு நொடியாவது வேகமா இருந்தா அன்னைக்குக் கொள்ளாம்.

டபாட்டா பத்திக் கேட்காத பையன் இல்ல. 20 நொடி இழுப்பு, 10 நொடி ஓய்வு, எட்டு தடவை, நாலே நிமிஷம். ஜப்பான்ல இசுமி டபாட்டாவும் கூட இருந்தவங்களும் 1996ல வெளியிட்ட ஆய்வுல இருந்து வந்தது. அதுல இளைஞர்களை நின்ன இடத்துல மிதிக்குற சைக்கிள்ல, உடம்பால எடுக்க முடியுற ஆக்சிஜன் அளவுக்கும் ரொம்ப மேல போகுற பாரத்துல மிதிக்க வச்சாங்க. அந்தப் பாரம் இல்லாம 20/10ஐ மட்டும் எடுத்துக்கிட்டா அது வெறும் அவசரம். ரோயிங்ல இன்னொரு சிக்கல், 10 நொடி ஓய்வுல உடம்பு வடிவம் கெடும், முதுகு வளையும். ரெண்டு வருஷம் இழுத்தவன் வந்து கேட்டா போட்டுத் தருவேன். போன வாரம் சேந்தவனுக்கு, "போ மக்கா, முதல்ல ஒரு நிமிஷத்தை ஒழுங்கா இழு."

நம்ம ஊர் புழுக்கம்

இந்தப் பயிற்சி எல்லாம் குளிர் நாட்டுல எழுதினது. சித்திரை மாசம் குளச்சல்ல மாடி அறையில வேர்வை வழியும், காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. அதனால அதே 2:18க்கு இதயம் கூட அடிக்கும். அந்த மாசங்கள்ல தூரத்தையும் ஓய்வையும் தொடாம வேகத்தை மட்டும் ரெண்டு மூணு நொடி தளர்த்துங்க, இல்ல எட்டை ஆறாக்குங்க. ஓய்வைக் கூட்டாதீங்க, கூட்டினா வேற பயிற்சி ஆயிடும்னு முன்னாடியே சொன்னேன். ஃபேன் முதுகுப்பக்கம் வேண்டாம், முகத்துக்கு நேரா வையுங்க. அரை மணி நேரம் முன்னாடி ஒரு ஏத்தம்பழம், முடிச்சதும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. வளைகுடாவுல இருந்து வந்து அம்பது வயசுல திடீர்னு உடம்பைக் குறைக்கணும்னு தோணுறவங்க, பிரஷர் மாத்திரை எடுக்குறவங்க, நெஞ்சுல ஒரு தடவையாவது இறுக்கம் வந்தவங்க, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு இன்டர்வல் கிடையாது, பேசிக்கிட்டே இழுக்கலாம்.

உப்புக் காத்து சங்கிலியையும் விடாது. வாரம் ஒரு தடவை துணியால துடைச்சு, மெஷின் எண்ணெய் கொஞ்சம் தடவுங்க. துரு விடுவிக்கிற ஸ்பிரே வேண்டாம், அது எண்ணெய்ப் பசையைக் கழுவிடும். இருக்கை ஓடுற தண்டவாளத்தை ஒவ்வொரு தடவையும் துடைங்க, அடுத்தவன் உக்காரணும்.

முடிச்சபிறகு

மெயின் மெனுவுல மெமரிக்குப் போனா தேதி வாரியா எல்லாம் இருக்கும். உங்க பயிற்சியைத் திறந்தா ஒவ்வொரு இன்டர்வலோட நேரம், வேகம், நிமிஷத்துக்கு எத்தனை இழுப்பு, எல்லாம் வரிசையா வரும். சராசரியை மட்டும் பார்த்துட்டு மூடாதீங்க. முதல் வரியையும் ஏழாவது வரியையும் பாருங்க. முதல்ல 2:12, ஏழாவதுல 2:24ன்னா தொடக்கத்துல ஆசைப்பட்டுட்டீங்க. எல்லா வரியும் ஒண்ணு ரெண்டு நொடிக்குள்ள இருந்தா சரியான வேகம். இழுப்பு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போய் வேகம் மட்டும் அப்படியே நின்னா, கால் தள்றது குறைஞ்சு கையால அள்ளத் தொடங்கிட்டீங்க.

அடுத்த வாரம் திரும்ப எண் அடிக்க வேண்டாம். செலக்ட் வொர்க்அவுட்டுக்குள்ள ரீ ரோ என்கிறதை எடுங்க, பழைய பயிற்சி அதே தூரம், அதே ஓய்வோட வந்து நிக்கும். எட்டு 500 என்றா முதல் ஏழையும் போன வாரச் சராசரி வேகத்துலயே இழுங்க, அதுக்கு மேல போகாதீங்க. எட்டாவதை மட்டும் கட்டு அவுத்து விடுங்க. அந்த எட்டாவதால இறங்குற சராசரி ஒரு நொடியோ அரை நொடியோதான் இருக்கும். அதுதான் அதுக்கடுத்த வாரத்துக்கு உங்க முதல் ஏழோட வேகம். சராசரி இறங்காம ரெண்டு வாரம் நின்னுட்டா வேகத்தோட மல்லுக்கட்டாம, 500ஐ விட்டுட்டு நாலு தடவை 1000 மீட்டர், அஞ்சு நிமிஷ ஓய்வுன்னு ஒரு மாசம் போட்டுட்டு அப்புறம் எட்டு 500க்குத் திரும்பி வாங்க.